அறிவித்தலில் நான் எழுதாத பெயர்

தம்பி,

இதை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வைத்து வாசிக்காதே. அறைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்தபின் ஆறுதலாக இருந்து வாசி. தபாலில் போட்டால் அம்மாவின் ஆண்டுத்திவசம் முடிந்தபிறகுதான் கட்டாருக்கு வந்து சேரும். அதனால் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் எழுத எனக்குத் தெரியாமல் இல்லை. குடும்பக் குறூப்பில் நான் எழுதும் நீட்டு நீட்டுச் செய்திகளைப் பார்த்து நீயே எத்தனை தரம் சிரித்திருக்கிறாய். ஆனால் போனில் எழுதினால் பிடிக்காத வரியைத் தடம் தெரியாமல் அழித்துவிடலாம். பேனையால் எழுதினால் வெட்டிய இடம் தெரியும். நான் எங்கெங்கே தயங்கினேன் என்று நீ பார்க்கவேண்டும் என்பதற்காகவே பேனையை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்துக் கதைத்தாய். அம்மாவின் ஓராண்டு நினைவஞ்சலியைப் பேப்பருக்குக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டாய். "இந்த முறை அவங்கள் பிழை விடாமல் பாத்துக்கொள்ளுங்கோ அப்பா. பிலோமினாவின்ர பேரைப் பெரிசா எழுதிக் குடுங்கோ" என்றாய். நான் "ஓம் தம்பி, பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பிழையை விட்டது பேப்பர்க்காரர் அல்ல, தம்பி. நான்தான். தெரிந்துகொண்டு, மனதறிந்து செய்தேன். பிறகு உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

எப்படிச் செய்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள். சுருக்கமாகச் சொன்னால் என்னை நானே தப்பவைத்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

எங்கள் சொந்தத்தில் செய்தி சொல்லும் ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். அரசாங்கத் திணைக்களத்தில் முப்பது வருடம் கடிதம் எழுதிய கை. அதனால் ஆருக்கு என்ன நடந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் வரும். மரண அறிவித்தல் எழுதுவதென்றால் எனக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பிறந்த இடம், வசித்த இடம், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரங்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு. ஒரு பெயர் இடம் மாறினாலும் பத்து வருடம் கதையாமல் இருக்கும் சனம் எங்களுடைய சனம். போனில் இழவு சொல்வதற்கும் எனக்கு ஒரு முறை இருந்தது. வயதான ஆள் எடுத்தால் செய்தியைச் சொல்லமாட்டேன். "பக்கத்தில ஆர் நிக்கினம், அவையிட்டக் குடுங்கோ" என்று கேட்டுத்தான் சொல்வேன். அம்மா என்னை "செத்தவீட்டு அறிவிப்பாளர்" என்று பகிடி பண்ணுவாள். எனக்குள்ளே அதில் கொஞ்சம் பெருமைதான். இத்தனை குடும்பங்களின் பெயர்களை ஒழுங்காகக் கோர்த்துக் கொடுத்த நான், என் வீட்டு அறிவித்தலில்தான் கை வைத்தேன்.

நீ பிலோமினாவைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று நான் சத்தம் போடவில்லை. அதை வைத்து உன் நண்பர்களிடம், "எங்கட அப்பா அப்பிடியான ஆள் இல்லை" என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தம்பி, நான் அப்படியான ஆள்தான். சத்தம் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கிறிஸ்தவ வேதக்காரர், தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கலியாணம் பேச வந்து எனக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்த அந்த மனுசனிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் போனபிறகு என் மனதில் வந்த முதல் கேள்வி, ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவுக்கு என்ன சொல்வது என்பதுதான். "என்ன ஆக்கள்?" என்று அவ கேட்பா. பிள்ளை நல்லவளா, நீ சந்தோசமாக இருக்கிறாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அக்காவின் மேல் பழியைப் போட்டு எழுதுகிறேன், பார்த்தாயா. இதைப் பிறகு திருத்துகிறேன்.

அவர்களுடைய வேதக்கோவிலில் உங்கள் கலியாணம் நடந்தபோது கொரோனாக் காலம். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று இருந்தது. எனக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று தெரியுமா? "நிலமை சரியில்லை, சிம்பிளா கலியாண எழுத்தை மட்டும் முடிச்சனாங்கள். பிள்ளை கொழும்புதான், கப்பல் ஏஜென்சி ஒண்டில வேலை" என்று குறூப்பில் போட்டேன். படம் போடவில்லை. பெயரும் போடவில்லை. கேட்டவர்களுக்கு "பிறகு ஆறுதலா ஒரு வரவேற்பு வைப்பம், அப்ப எல்லாரும் வாருங்கோ" என்றேன். வரவேற்பு வைக்கவே இல்லை. கொரோனா போனபிறகும் நான் கொரோனாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உறவுக்காரருக்கு அரைச் செய்தி சொன்னால் மீதி அரையை வாழ்நாள் முழுவதும் காவல் காக்கவேண்டி வரும். இதை உனக்குப் புத்தி சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிறகு அந்தக் குறூப்பில் செய்தி எழுதப்போவது நீதான். அரைச் செய்தி எழுதாதே.

பிறகு அம்மா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள். நீ கட்டாரில். லீவு கிடைக்காமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், அதில் உன்மேல் ஒரு குறையும் இல்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் நான் நிற்க முடியாது. பார்க்கும் நேரத்துக்குப் போய்விட்டு வந்துவிடவேண்டும். பிலோமினாதான் வேலைக்குச் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். ஐந்து கிழமை. நான் சாப்பாட்டுக் கரியரைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு சரி. அம்மாவைத் துடைத்தது, உடுப்பு மாற்றியது, தலை இழுத்துக் கட்டியது, வாந்தியைக் கையில் ஏந்தியது எல்லாம் அவள். ஒருநாள் நான் நிற்கும்போது புதிதாக வந்த நேர்ஸ் ஒருத்தி பிலோமினாவைக் காட்டி "துவத?" என்று அம்மாவிடம் கேட்டாள். மகளா என்று கேட்கிறாள். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை என்றாலும் இதற்கு யோசிக்கவில்லை. "ஓவ், மகே துவ" என்றாள். என் மகள்தான் என்று. நான் கரியரின் பூட்டைத் திறப்பதுபோலக் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதால் அல்ல. அந்த வாட்டில் எங்களைத் தெரிந்த ஆராவது இருக்கிறார்களா என்று பார்க்கவேண்டியிருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

அம்மா போன அன்று காலை, நீ பிளேன் டிக்கெட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம், நான் மேசையில் இருந்து அறிவித்தலை எழுதினேன். மலர்ச்சாலைக்குக் கொண்டுபோயிருந்த அம்மாவின் உடம்பைப் பார்க்க மனம் தாங்காமல்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது மனம் கொஞ்சம் ஆறியது என்பதையும் மறைக்கவில்லை. அதற்கு முன்னம் அக்கா எடுத்து அழுதுவிட்டு, "எல்லாற்ற பேரையும் வடிவாப் போடு, இங்க சனம் பாக்கும்" என்று சொல்லியிருந்தா. உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் கட்டார் என்று போட்டேன். அடுத்த வரியில் "பிலோமினாவின் அன்பு மாமியாரும்" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். அந்தப் பெயரைப் பார்த்ததும் என்ன வேதம் என்று தெரிந்துவிடும். ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில் இருந்து போன் வரும். ஐந்து வருடமாக நான் சொன்ன அரைச் செய்தியெல்லாம் அம்மாவின் இழவோடு சேர்ந்து அவிழும். இப்படித்தான் யோசித்தேன். யோசித்துவிட்டு வேறொரு தாளை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, மீதியை அழகாகப் பிரதி பண்ணினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. கொண்டுபோய் காலி வீதியில் விளம்பரம் எடுக்கும் கடையில் கொடுத்துவிட்டு மலர்ச்சாலைக்குப் போனேன்.

அடுத்த நாள் நீ வந்து இறங்கினாய். அம்மாவின் காலடியில் இருந்து அழுது முடித்தபிறகுதான் ஆரோ உன் கையில் பேப்பரைத் தந்தார்கள். நீ இரண்டு தரம் வாசித்தாய். "அப்பா, பிலோமினாவின்ர பேர் எங்க?" என்று கேட்டாய். அவள் மூன்றடி தூரத்தில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணிப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், "நான் எழுதிக் குடுத்தனான் தம்பி. அவங்கள் அடிக்கேக்க விட்டிட்டாங்கள் போல." உடனே நீ வெளியே போய்ப் பேப்பருக்குப் போன் எடுத்து, எடுத்த பிள்ளையை ஏசு ஏசென்று ஏசினாய். "எங்கட அம்மாவை ஆர் பாத்தது எண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று நீ கத்தியது உள்ளே வரை கேட்டது. அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. வேலைக்கு வந்த ஆரோ ஒரு வீட்டுப் பிள்ளை, என் பொய்க்காக உன்னிடம் ஏச்சு வாங்கியது. நான் வந்து உன் தோளைப் பிடித்து, "விடு தம்பி, இப்ப இதுக்கோ நேரம்" என்றேன். பெரிய மனுசத்தனமாக. பக்கத்தில் நின்றவர்கள் "பாவம், மனுசி போன துக்கத்திலயும் எவ்வளவு பொறுமை" என்றார்கள்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அதை நீ பார்க்கவில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து வந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, பிலோமினா ஓடி ஓடி வேலை செய்வதைப் பார்த்துவிட்டு என் காதருகே கேட்டா: "இந்தப் பிள்ளையே வீட்டில நிண்டு அவவைப் பாத்தது? சம்பளத்துக்குப் பிடிச்சனீங்களோ? நல்ல பிள்ளையா இருக்கு." நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "ஓம், அவதான் பாத்தவ" என்று மட்டும் சொன்னேன். அந்த மனுசி போகும்போது பிலோமினாவின் கையைப் பிடித்து "நல்லா இரு பிள்ளை" என்று சொல்லி ஏதோ காசைத் திணித்தா. பிலோமினா ஒருகணம் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் காசை அம்மாவின் தலைமாட்டு விளக்கருகே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்தோராம் நாளுக்கு நன்றி நவிலல் அடித்தபோது "குடும்பத்தினர்" என்று மட்டும் போட்டேன். எல்லார் பெயரையும் போட்டால் பிலோமினாவையும் போடவேண்டும், அதனால் ஒருவர் பெயரும் இல்லை. நினைவு மலரில் வம்ச விபரம் போட நேரமில்லை என்று உனக்குச் சொன்னேன். எனக்கு வேறென்ன வேலை இருந்தது? ஒரு வரியை மறைக்க ஒரு வருடம் வேலை செய்திருக்கிறேன், தம்பி.

நீ போன் எடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், வேறு வழியில்லாமல் அக்காவுக்கு எடுத்தேன். நினைவஞ்சலியில் பெயர் வரத்தான் போகிறது, முதலே சொல்லிவிடுவோம் என்ற கணக்குத்தான். வீரம் ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனை, வேதம், துறைமுகம், எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டா, "இதையே இவ்வளவு நாளும் பொத்தி வச்சிருந்தனி?" நான், "நீ என்ன சொல்லுவியோ எண்டுதான்" என்று இழுத்தேன். "என்ர பேத்தி ஒரு வெள்ளைக்காரப் பெடியனோட இருக்கிறாள். கலியாணமும் கட்டேல்ல. நான் உனக்குச் சொன்னனானோ? நீ குறூப்பில எழுதிப்போடுவாய் எண்ட பயத்தில நானும் வாய் திறக்கேல்ல" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவ அழுதா. இத்தனை வருடமும் அக்காவைச் சொல்லித்தான் நான் ஒளிந்திருந்தேன். அவ பயந்தது என்னை. அப்போது வெட்கப்பட்டது ஆர்? நான்தான். வேறு ஒருவரும் இல்லை.

புதன்கிழமை பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பிலோமினா அன்று வேலையால் நேரத்தோடு வந்திருந்தாள். தாய் ஜிந்துப்பிட்டிப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தா. வீட்டில் அவள் மட்டும்தான். "உள்ளுக்கு வாங்க மாமா, என்ன சொல்லாம வந்துட்டீங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவள் தமிழைக்கூட நான் முன்பு பகிடி பண்ணியிருக்கிறேன், அம்மா என்னை முறைக்க முறைக்க. இருந்து, தண்ணியைக் குடித்துவிட்டு, பஸ்ஸில் மூன்று தரம் சொல்லிப் பார்த்த வசனத்தைச் சொன்னேன். "பிள்ளை, அந்த அறிவித்தலில உம்மட பேர் விடுபட்டது பேப்பர்க்காரரின்ர பிழை இல்லை. நான்தான் எழுதேல்ல."

அவள் திடுக்கிடுவாள், அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்து வந்தவன் நான். அவள் சொன்னாள், "தெரியும் மாமா."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். அன்று மாமிக்கு உடுத்துவதற்குக் கூறைச்சேலையை எடுக்க அவள் எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்திருந்தாளாம். அந்த நேரம் வீட்டுப் போன் அடித்தது. பேப்பரில் இருந்து, விளம்பரத்தை வாசித்துக் காட்டிச் சரி பார்ப்பதற்காக எடுத்திருக்கிறார்கள். எப்போதும் அப்படி எடுப்பார்கள். அன்று எனக்கு எடுக்கவில்லையே என்பது எனக்குத் தோன்றவே இல்லை. "முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சாங்க மாமா. சேலைய மடியில வச்சிக்கிட்டுக் கேட்டேன். எல்லார் பேரும் வந்திச்சி. முடிச்சிட்டு, எல்லாம் சரியான்னு கேட்டாங்க."

"நீர் என்ன சொன்னனீர்?"

"சரின்னு சொன்னேன்."

"ஏன் பிள்ளை? உம்மட பேரையும் போடச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எழுதாத பேர நான் எப்படி மாமா சேக்கச் சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்காத ஒரு சின்ன விசயத்தை விளங்கப்படுத்துவதுபோலத்தான் சொன்னாள். நான் அவள் வீட்டுக் கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதேன், தம்பி. அம்மாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அவள் எழும்பிப்போய் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு வந்து இருந்தாள். அடுத்த நாள் உனக்கு நான் பொய் சொன்னபோது பக்கத்தில் நின்றவளுக்கு அது பொய் என்று தெரியும். நீ பேப்பர்க்காரரை ஏசியபோதும் தெரியும். ஒரு வருடம் உன்னோடு ஒவ்வொரு நாளும் கதைக்கிறவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "மாமி போனதோட உங்களையும் அவர் இழக்கணுமா மாமா? ரெண்டு நாளுல ரெண்டு பேரா?" என்றாள்.

நினைவஞ்சலியில் உன் பெயருக்குப் பக்கத்திலேயே அவள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். போடவேண்டாம் என்றாள். "முதல்ல அவருக்கு நீங்க சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியாம என் பேரு பேப்பர்ல வரவேணாம்." ஆகவே இந்தக் கடிதத்தை நானாக மனம் திருந்தி எழுதினேன் என்று நினைத்துவிடாதே. பாதி அவள் போட்ட உத்தரவு.

நினைவஞ்சலியை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தையும் குறூப்பில் போடப்போகிறேன். நீ வேண்டாம் என்றாலும் போடுவேன். அவள் வேண்டாம் என்றால் மட்டும் போடமாட்டேன். பம்பலப்பிட்டி மனுசியின் வீட்டுக்கு நானே நேரில் போய், அது என் மருமகள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டா.

இனி வீட்டு விசயம். அடுத்த வருடம் நீ ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் இரத்மலானையில் வீடு எடுத்து மூன்று பேரும் ஒன்றாக இருப்போம் என்கிறாய். அந்த யோசனையை முதலில் சொன்னது பிலோமினாதான் என்று நீ ஒருநாள் வாய்தவறிச் சொன்னாய். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் சொல்லியிருக்கிறாள். நீ தெரியாமல் சம்மதித்திருக்கிறாய். அது சரியில்லை. தெரிந்துகொண்டு மறுபடி யோசி. எனக்கு அந்த வீடு வேண்டும், தம்பி. இந்த வெள்ளவத்தைப் பிளாட்டில் தனியே இருக்க எனக்குப் பிடிக்கவே இல்லை. வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். இரண்டையும் எழுதிவிட்டேன்.

வாசித்து முடித்ததும் எனக்கு எடுக்காதே. முதலில் அவளுக்கு எடு. அவளோடு ஆறுதலாகக் கதைத்து முடித்தபிறகு எனக்கும் எடுக்க மனம் வந்தால் எடு. மனம் வராவிட்டால் விடு. மகன் ஏன் திவசத்துக்கு வரவில்லை, ஏன் கதைப்பதில்லை என்று சொந்தக்காரர் என்னைக் கேட்பார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நான் செய்ததைத்தான் சொல்வேன்.

அப்பா